பி.எல்.சி. வாங்கினால் போதுமா, புரோகிராம் யாரிடம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

பீன்யா பட்டறைகளில் புது மெஷினுக்கு ஆர்டர் கொடுக்கும்போது, அதை இயக்கும் சின்னக் கணினியான பி.எல்.சி. (கன்ட்ரோலர்) சீமென்ஸா, மிட்சுபிஷியா, டெல்டாவா என்ற பேச்சு விலையோடு முடிந்துவிடுகிறது. லைன் நின்றுபோன அன்று யார் வந்து, எதை வைத்துச் சரிசெய்வார்கள் என்று கேட்பவர் குறைவு.

மிட்சுபிஷி எஃப்எக்ஸ்3யு உழைப்பாளி. ஆனால் அதன் புரோகிராம் பேட்டரியை நம்பி ரேமில் (மின்சாரம் போனால் அழிந்துவிடும் மெமரியில்) இருக்கிறது. பேட்டரி விளக்கு எரிவதைக் கவனிக்காமல் ஆயுதபூஜை விடுமுறைக்கு மெயினை அணைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது உள்ளே ஒன்றும் இல்லாமல் போகலாம். முதலில் லேப்டாப்பில் பேக்கப் எடுங்கள். பிறகு சப்ளையை அணைத்து, பழைய பேட்டரியைக் கழற்றிய 20 நொடிக்குள் புதியதைச் செருகிவிட வேண்டும். ஃபிளாஷ் மெமரி கேசட் போட்டுவிட்டால் புரோகிராமுக்கு இந்தப் பயமே இல்லை.

சீமென்ஸ் எஸ்7-300-இல், மிகப் பழைய மாடல்களைத் தவிர, பேட்டரி இல்லை, புரோகிராமை வைத்திருக்கும் மெமரி கார்டு உண்டு. பார்வைக்கு கேமரா கார்டு மாதிரி இருந்தாலும் எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்கும் சாதாரண கார்டு அதற்கு ஒத்துவராது. ஒரிஜினல் கார்டையே விண்டோஸில் ஃபார்மேட் செய்தால் அதுவும் குப்பைதான்.

கன்ட்ரோலரிலிருந்து புரோகிராமைத் திரும்ப எடுப்பதிலும் வித்தியாசம் உண்டு. எஸ்7-300-இல் லாஜிக் வரும், சிம்பலும் (இன்புட், அவுட்புட்டுக்கு வைத்த பெயர்) கமெண்டும் (விளக்கக் குறிப்பு) வராது. எந்த இன்புட் எந்த சென்சார் என்று வயரைப் பிடித்துக்கொண்டே தேட வேண்டியதுதான். எஸ்7-1200-இல் அவையும் சேர்ந்தே வரும். ஆனால் அதற்குப் புரோகிராம் எழுதும் சீமென்ஸ் மென்பொருளான டிஐஏ போர்ட்டலின் வெர்ஷன் 17-இல் சேமித்த புராஜெக்ட் 16-இல் திறக்காது. ராக்வெல் என்ற இன்னொரு கம்பெனியின் பி.எல்.சி.யிலோ கன்ட்ரோலரின் ஃபர்ம்வேரும் (அதன் உள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) மென்பொருளின் வெர்ஷனும் பொருந்தியாக வேண்டும்.

சின்ன மெஷினுக்கு டெல்டா டிவிபி, ஷ்னைடர் எம்221 மாதிரி பி.எல்.சி. போதும் என்பது என் கருத்து. இரண்டுக்கும் மென்பொருள் இலவசம். மெயின்டனன்ஸ் பையனின் லேப்டாப்பிலேயே போட்டுவைக்கலாம்.

சப்போர்ட்டை அழைக்கும் முன் முழு மாடல் எண் (சீமென்ஸில் 6இஎஸ்7 என்று தொடங்குவது), ஃபர்ம்வேர் வெர்ஷன், எந்த விளக்கு நிலையாக எரிகிறது, எது மினுக்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இவை இல்லாமல் பேசினால் முதல் அரைமணி நேரம் வீண். பாஸ்வேர்டை மட்டும் எந்தக் கம்பெனியும் உடைத்துத் தராது. பூட்டியது மெஷின் கட்டியவர். அவர் கடையை மூடிவிட்டால், எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுத வேண்டியதுதான்.

ஆகவே கமெண்டோடு கூடிய சோர்ஸ் ஃபைல், பாஸ்வேர்டு, மென்பொருள் வெர்ஷன், கேபிள் ஆகிய நான்கையும் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதுங்கள். அந்த ஃபைலை உங்கள் லேப்டாப்பில் திறந்து, கன்ட்ரோலரோடு கேபிளில் இணைத்து (ஆன்லைன் போய்), அதில் இருப்பதோடு ஒப்பிட்டு வித்தியாசம் இல்லை என்று காட்டிய பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.

— ஒரு வாசகர், பீன்யா, பெங்களூரு