முதுகுத்தண்டில் ஊசி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

ரத்தப் புற்றுநோயாளிக்கு ஸ்டெம் செல் (ரத்த அணுக்களை உருவாக்கும் மூல செல்) கொடுத்தால் கொடுப்பவரின் முதுகுத்தண்டு போய்விடும் என்ற பேச்சு மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புறங்களில் இன்னும் உலவுகிறது. தண்டுவடத்தை யாரும் தொடுவதில்லை. கொடையாளருக்கு நான்கைந்து நாள் ஜி-சிஎஸ்எஃப் என்ற, ஸ்டெம் செல்களைத் தூண்டும் மருந்து ஊசியைத் தோலுக்கடியில் போடுவார்கள். எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்கள் ரத்தத்தில் இறங்கும். ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போய், செல்கள் பிரிந்து, மீதி மறுகையில் திரும்பும். நான்கு முதல் ஆறு மணி நேரம். எலும்பு வலிக்கும்; பெரும்பாலும் பாரசிட்டமாலுக்கு அடங்கும். நோயாளியின் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் சிடி34 செல்கள் (சிடி34 என்ற அடையாளம் கொண்ட ஸ்டெம் செல்கள்) வேண்டும். சேராவிட்டால் மறுநாளும் உட்கார வேண்டியதுதான். மஜ்ஜையையே எடுத்தாலும் இடுப்பெலும்பில்தான், மயக்க மருந்து கொடுத்து.

மஜ்ஜை மாற்று சிகிச்சையின் முன்னோடியான அமெரிக்க டாக்டர் டானல் தாமஸ், அந்தச் சிகிச்சை பற்றி 1957இல் எழுதிய முதல் ஆறு நோயாளிகளில் ஒருவரும் பிழைக்கவில்லை. பலர் கைவிட்ட வேலையை அவர் விடவில்லை. நாய்களிடம் சோதித்து, எச்எல்ஏ (செல்லின் மேலுள்ள, உடல் தன்னுடையதை அடையாளம் காணும் குறி) பொருத்தம் புரிந்தபின் 1969இல் சியாட்டலில் மீண்டும் தொடங்கினார். 1990இல் நோபல்.

உடன்பிறந்தவர் முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு நாலில் ஒன்றே (ரத்தவகை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை). பொருத்தம் பெரும்பாலும் சொந்த இனத்தில்தான் அமையும். ஆகவே கொடையாளர் பதிவேட்டில் நம்மவர் பெயர் வேண்டும். ஆனால் யோசித்துப் பதியுங்கள். மாற்றுக்கு முன் கடும் மருந்தால் நோயாளியின் மஜ்ஜையை அழித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு கொடையாளர் பின்வாங்கினால் நோயாளியின் உயிர் போகும்.

இப்படிக்கு,
வாசகர், சுங்கை சிப்புட்