பீரோவைத் திறந்தவர்களுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கும்

குடியாத்தம் பக்கத்து எங்கள் ஊர் மக்களுக்கு வணக்கம்.

நான் உங்கள் பிள்ளைகளின் நான்காம் வகுப்பு டீச்சர். போன வாரம் சாப்பாட்டு மணி அடித்தும் மூன்று பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை. தட்டு பக்கத்தில், கண் புத்தகத்தில். சோறு ஆறிவிடும் என்று நான்தான் எழுப்பினேன். அன்று ராத்திரியே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் நன்றி தலைமையாசிரியை அம்மாவுக்கு. புத்தகங்கள் பள்ளியில் முன்பே இருந்தன, பூட்டிய பீரோவுக்குள். கிழிந்தால், தொலைந்தால் இருப்புப் பதிவேட்டுக்கு யார் பதில் சொல்வது என்ற பயம் எனக்கும் இருந்தது. "நான் கையெழுத்துப் போடுறேன், நீங்க பிள்ளைங்க கையில குடுங்க" என்று சாவியை மேசைமேல் வைத்தீர்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம் நடந்ததுதான்.

தச்சுப் பட்டறை அண்ணனுக்கு. அலமாரி கேட்டபோது நீங்களே பள்ளிக்கு வந்து, ஒன்றாம் வகுப்புப் பாப்பாவை நிற்கவைத்து அளவெடுத்தீர்கள். அட்டைப்படம் தெரிகிற மாதிரி சாய்வாகப் பலகை அடித்தீர்கள். எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளை அட்டையைப் பார்த்துத்தானே புத்தகம் எடுக்கும்! கூலியும் வாங்கவில்லை.

வட்டார வள மையத்திலிருந்து வரும் பயிற்றுநர் ஐயாவுக்கு. தினம் 20 நிமிடம், பிள்ளையே எடுத்த புத்தகம், முடித்ததும் கேள்வி வேண்டாம், அந்த நேரத்தில் நோட்டுத் திருத்தாமல் நீங்களும் படியுங்கள் என்றீர்கள். கடைசிதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஐந்து விரல் கணக்கும் நீங்கள் சொல்லித் தந்ததுதான். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கு, ஒரே பக்கத்தில் ஐந்தும் மடங்கிவிட்டால் இப்போதைக்கு வேறு புத்தகம் எடு. அதன் பிறகு "எதை டீச்சர் படிக்கிறது?" என்று கேட்பதைப் பிள்ளைகள் மெல்ல விட்டுவிட்டார்கள்.

2023இல் தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை தொடங்கிய வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் எளிதிலிருந்து மேலே போகப் போக நுழை, நட, ஓடு, பற என்று படிநிலைகள் உண்டு. ஒரு பையன் மாதக்கணக்கில் 'நுழை'யையே எடுத்துக்கொண்டிருந்தான். மாற்றச் சொல்ல என் நாக்கு துடித்தது. "விடுங்க டீச்சர், ஆசை தீரப் படிக்கட்டும்" என்று பயிற்றுநர் ஐயா, நீங்கள்தான் தடுத்தீர்கள். இப்போது அவன் கையில் 'ஓடு'.

பீடி சுற்றும் அக்காமார்களே, உங்களுக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டும். "எங்களுக்கே படிக்கத் தெரியாது, என்னா சொல்லித் தர்றது?" என்று பெற்றோர் கூட்டத்தில் தயங்கினீர்கள். சொல்லித் தர வேண்டாம், பிள்ளை படிப்பதைக் கேட்டால் போதும் என்றேன். சாயங்காலம் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, இலையில் தூள் வைத்துச் சுற்றி நூல் கட்டியபடியே, பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொன்னீர்கள். நாள் முழுக்க வேலை செய்த அலுப்பிலும் "அப்புறம் அந்த நரி என்னா ஆச்சு?" என்று கேட்டீர்கள். நான் கேட்டால் அதில் பரீட்சை வாடை அடிக்கும். நீங்கள் கேட்டது கதை தெரிந்துகொள்ளும் ஆசையில். அதற்குப் பதில் சொல்லத்தான் பிள்ளைகள் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்கள்.

புத்தகத்தில் பீடித்தூள் பட்டுவிட்டது என்று திங்கட்கிழமை பள்ளி வாசலில் வந்து நின்ற ஆயாவுக்கு: அதற்காக வருத்தப்படாதீர்கள். பேத்தி இன்னும் கடைசிக் கதைக்கு வரவில்லையாம். முடிக்கும்வரை வீட்டிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் நான்காம் வகுப்பு டீச்சர்