அவசரத்தில் கேப் வேண்டாம், செல்வா

தண்டையார்பேட்டை

அன்புள்ள செல்வா,

ரெண்டு வார லீவில் வந்து, தேய்ந்துபோன பற்களுக்கு வாய் முழுக்க கேப் (பல்லை ராவி அதன்மேல் மாட்டும் உறை) போட்டுக்கொண்டு ஷார்ஜா திரும்பிவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம்பா. ராவின பல் திரும்ப வளராது.

முதலில் பல் ஏன் தேய்ந்தது என்று தெரியணும். மேலும் கீழும் பொருந்துகிற மாதிரி நுனிகள் தட்டையாகியிருந்தால் தூக்கத்தில் நறநறவென்று கடிக்கிறாய். மேல் முன்பற்களின் உள்பக்கம் வழவழவென்று கரைந்திருந்தால் வயிற்று அமிலம் ஏறுகிறதா என்று பார்க்கணும். அப்போது வயிற்று டாக்டரையும் பார்த்துவிடு. காரணத்தைக் கவனிக்காமல் போட்ட கேப் சீக்கிரமே உடையும், கழலும்.

ஓபிஜி எக்ஸ்ரே (எல்லாப் பல்லும் தாடையும் ஒரே படத்தில் தெரிவது), ஈறு பரிசோதனை, மேல் கீழ் பற்களின் அச்சு, இது மூன்றும் ஆரம்பம். ஈறு சிகிச்சை, ரூட் கெனால், பிடுங்க வேண்டியது எல்லாம் கேப்புக்கு முன்பே முடியணும். ஈறுக்கு மேலே சுற்றிலும் 2 மி.மீ. நல்ல பல் நிற்காவிட்டால் கேப் பிடிக்காது. ஈறைக் கொஞ்சம் இறக்க வேண்டிவரும், அது ஆற வாரக்கணக்காகும்.

முக்கியமானது கடியின் உயரம், அதாவது பல்லைக் கடித்து மூடும்போது மேல் தாடைக்கும் கீழ் தாடைக்கும் உள்ள தூரம். பல் தேயத் தேய எலும்போடு சேர்ந்து மெல்ல எழும்பி அந்த இடத்தை நிரப்பிவிடுவதும் உண்டு. அதனால் தேய்ந்த எல்லோருக்கும் உயரம் குறைந்திருக்காது. தாடை ஓய்வாக இருக்கும்போது மேல் கீழ் பற்களுக்கு நடுவே வழக்கமாக 2 முதல் 4 மி.மீ. இடைவெளி இருக்கும். அதை அளக்காமல் உயர்த்தினால் கன்னம் வலிக்கும், உதடு சிரமப்பட்டு மூடும், "ச" சொல்லும்போது பல் இடிக்கும். தாடை மூட்டின் நிலையை ஆர்ட்டிகுலேட்டருக்கு (தாடை போலவே அசையும் கருவி, அச்சுகளை அதில் பொருத்துவார்கள்) மாற்றி, மெழுகில் புதுப் பல் வடிவம் செய்து, அதன்படி டெம்பரவரி கேப் போடச் சொல். உயர்த்தும்போது கிடைக்கும் இடம் கேப்புக்கே உதவும், பல்லை அவ்வளவு ராவ வேண்டியிருக்காது. ஜிர்கோனியா என்கிற உறுதியான பீங்கான் கேப்புக்குக் கடைவாய்ப் பல்லின் மேல்பக்கம் 1 முதல் 1.5 மி.மீ. இடம் போதும்.

அந்த டெம்பரவரியோடு ரெண்டு மூன்று மாதம் சாப்பிட்டுப் பேசிப் பார். லேபில் செய்ததாகக் கேட்டு வாங்கு, நாற்காலியில் உட்கார வைத்துச் செய்கிறது அவ்வளவு நாள் தாங்காது. கழன்றால் கடைப் பசை வைத்து ஒட்டாதே, அங்கேயே ஒரு பல் டாக்டரிடம் போ. வலியில்லாமல் பழகிய வடிவத்தைத்தான் கடைசி கேப்பில் எடுக்கணும். ஒரு பக்கம் அளவெடுக்கும்போது மறுபக்கம் டெம்பரவரி இருக்கட்டும், இல்லாவிட்டால் உயரம் தொலைந்துவிடும். முடிந்தவரை தனித்தனி கேப்பாகக் கேள். ஒட்டிப் போட்டால் இடுக்கு சுத்தம் செய்வது கஷ்டம்.

ஆக, ரெண்டு தடவை வரணும். பல் இல்லாத இடத்தில் இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) தேவைப்பட்டால் எலும்பு பிடிக்கவே மூன்று முதல் ஆறு மாதம். செலவு பயமாக இருந்தால் கோட்டை ஸ்டேஷன் பக்கத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஆனால் பலமுறை அலைய வேண்டும்.

கேப் போட்டதும் இரவில் நைட் கார்டு (தூங்கும்போது பல்மேல் மாட்டும் பாதுகாப்பு உறை) கட்டாயம், ராசா. ஓபிஜியை அங்கேயே எடுத்து, டிக்கெட் போடும் முன் எனக்கு அனுப்பு.

அம்மா