பர்லியாறு தாண்டி நின்ற வண்டி

அன்புள்ள அம்மிணி,

நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்குத் தேவலை. நீ எழுதியது நம் பழைய கார் வண்டியைப் பற்றி மட்டும்தான், அதனால் நானும் வண்டியைப் பற்றியே எழுதுகிறேன். "அப்பா, வண்டி மேட்டுல இழுக்கல, பர்லியாறு தாண்டித் திணறித் திணறி நின்னுபோச்சு, அரை மணி கழிச்சு எடுத்துச்சு, என்னவா இருக்கும்?" இரண்டு மாதம் கழித்து வந்தது, குன்னூர் மலைப்பாதையைப் பற்றி அந்த ஒரு வரி. வந்த நேரம் ராத்திரி 11.40. போன் போட்டால் நீ எடுப்பதில்லை. காகிதத்தில் எழுதினால் டேஷ்போர்டுக்குள்ளே கிடக்கும், வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

எப்படி நின்றது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி சட்டென்று நின்றால் கரண்ட் பக்கம்: பிளக்குக்குப் பொறி உண்டாக்கும் காயில், கண்டென்சர், திறந்து மூடும் பாயிண்ட், இல்லையென்றால் லூசான ஒயர். குலுங்கி, விட்டு விட்டு இழுத்து, மூச்சு முட்டி நின்றால் பெட்ரோல் பக்கம். நீ "திணறித் திணறி" என்று எழுதியிருக்கிறாய். அதை நம்பலாம். சின்ன வயதிலிருந்தே நீ எதைச் சொன்னாலும் சரியாகத்தான் சொல்வாய். சொல்லப் பிடிக்காததைச் சொல்லாமல் விட்டுவிடுவாய், அவ்வளவுதான்.

இனி மேட்டில் இழுவை குறைந்தால் சோக்கைப் பாதி இழுத்துப் பார். கொஞ்சம் உயிர் வந்தால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். இன்னும் மோசமானால் பெட்ரோல் மிதமிஞ்சிப் போகிறது. கார்புரேட்டர் வாய் வழியாக 'டப்'பென்று இருமினால் பெட்ரோலும் காற்றும் கலந்த மிக்சர் மெலிந்துவிட்டது, அதாவது பெட்ரோல் குறைவு. சைலன்சரில் கறுப்புப் புகை வந்தால் கெட்டியாகிவிட்டது. என்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறாவிட்டால் அது கிளட்ச், கார்புரேட்டரைத் தொடாதே. நிறுத்தி இறங்கியதும் நாலு சக்கரத்தின் டிரம்மிலும் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. இதைப் பார்க்காமல் கார்புரேட்டரைக் கழற்றிப் போடும் மெக்கானிக்குகள் நிறைய.

அரை மணி கழித்து எடுத்தது என்கிறாய். அப்படியென்றால் பெரும்பாலும் சூடுதான் காரணம். ஆனால் சூட்டில் காயிலும் செத்துப்போய் ஆறினதும் பிழைக்கும். அதனால் நின்ற அந்த நிமிஷமே ஸ்பார்க் பார்க்க வேண்டும், ஆறின பிறகு பார்த்துப் பயனில்லை. கூட ஆள் இருந்தால் செல்ஃப் அடிக்கச் சொல்லலாம். தனியாக என்றால் வேறு வழி. பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிடும் டிஸ்டிரிபியூட்டரின் மூடியை எடு. அதன் நடுவில் வரும் காயில் ஒயரைப் பிடுங்கி, நுனி என்ஜின் பிளாக்குக்கு ஆறு மில்லிமீட்டர் தள்ளி நிற்கும்படி செருகி வை. கையில் பிடிக்காதே. பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் சாவியை ஆன் செய்து, மரப்பிடி போட்ட ஸ்குரூடிரைவரால் பாயிண்டைத் தட்டித் திற. திறக்கும்போதெல்லாம் நீல நிறத்தில் 'சட்'டென்று பொறி பாய வேண்டும். மஞ்சளாக, நூல் மாதிரி வந்தால் காயில் அல்லது கண்டென்சர். பெட்ரோல் சிந்தியிருந்தால், வாசனை அடித்தாலும்கூட, இதைச் செய்யாதே.

நீ தனியாக இருந்தாயா, மாப்பிள்ளை கூட இருந்தாரா என்று எழுதவில்லை. எது செய்ய முடியும் என்பது அதைப் பொறுத்தது, அதற்காகக் கேட்கிறேன்.

ஸ்பார்க் சரி என்றால் பெட்ரோலுக்கு வா. முதல் வேலை, டேங்க் மூடியைத் திற. 'உஸ்'ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டேங்க்குக்குள் வெற்றிடம் கட்டிவிட்டால் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது, வண்டி பத்து இருபது கிலோமீட்டர் ஓடிவிட்டுத்தான் நிற்கும். நீ எவ்வளவு தூரம் ஓடின பிறகு நின்றது என்று தெரிந்தால் எனக்கு நிறையப் புரியும். பர்லியாறு தாண்டி மேட்டில் என்றால் கீழேயிருந்து ஏறி வந்திருக்கிறாய். மேட்டுப்பாளையத்திலிருந்தா? அன்னூர் வழியாகவா? மேட்டுப்பாளையம் வரைக்கும் இறங்கினால் நம் அவினாசிக்கு இன்னும் 40 கிலோமீட்டர்தான்.

மூடி சரியென்றால் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃபுளோட் (மிதவை) கிண்ணத்துக்கு மேல் மூன்று ஸ்குரூ இருக்கும், அதைக் கழற்றிப் பார். கிண்ணம் காலி என்றால் கோளாறு அதற்குப் பின்னால்: பம்ப், குழாய், டேங்க். மூடியைத் தலைகீழாகப் பிடித்தால் ஃபுளோட்டின் கைக்கும் மூடியின் விளிம்புக்கும் இடையே மூன்றிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். பெட்ரோல் வரத்தை அடைக்கும் நீடில் வால்வில் மணல் மாதிரித் துரு உட்கார்ந்திருக்கிறதா பார். 1978 மாடல் டேங்க், உள்ளே என்ன உதிர்கிறது என்று யாருக்குத் தெரியும். பம்ப்பைச் சோதிக்க, காயிலின் சின்ன ஒயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்கு வரும் ஹோஸை ஒரு பாட்டிலுக்குள் விட்டு செல்ஃப் அடி. விட்டு விட்டு, ஆனால் பலமாகப் பீய்ச்ச வேண்டும். வழிந்தால் போதாது. நுரையோடு வந்தால் டேங்க்குக்கும் பம்ப்புக்கும் நடுவில் எங்கேயோ காற்று இழுக்கிறது. இப்போது பங்க்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கறுப்பு ஹோஸ் அதில் ஊறி உப்பி, விரலில் மை மாதிரி ஒட்டும். பம்ப்பின் டயாஃபிரமும் அப்படித்தான். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்கு. மொத்தம் ஒரு மீட்டர் போதும், கிளிப்பும் புதிது போடு. பெட்ரோல் ஹோஸைக் கழற்றும்போது காயில் ஒயரைக் கழற்று, மறக்காதே.

கிண்ணம் நிறைந்திருந்தும் எடுக்கவில்லை என்றால் சூட்டில் பெட்ரோல் கொதித்து, என்ஜினுக்குக் கலவை போகும் மேனிஃபோல்டு குழாய்க்குள் வழிந்திருக்கிறது. சோக் வேண்டாம். ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்து அப்படியே வைத்துக்கொண்டு ஐந்தாறு நொடி செல்ஃப் அடி. மிதித்து மிதித்து விடாதே. நம்ம வண்டியில் இருக்கும் எஸ்.யு. வகைக் கார்புரேட்டரில் ஆக்சிலேட்டர் பம்ப்பே கிடையாது, மிதித்தால் கால்தான் வலிக்கும். பம்ப்பிலும் பித்தளைக் குழாயிலும் ஏர் லாக் ஆகியிருந்தால் ஈரத்துணி சுற்றி ஆறவிடு. எக்ஸாஸ்ட் மேல் தண்ணீர் ஊற்றாதே, வார்ப்பு விரிசல் விடும்.

இழுவை பொதுவாகவே குறைந்திருக்கிறதா, மேட்டில் மட்டுமா? குன்னூர் 1850 மீட்டர். அந்த உயரத்தில் காற்று மெலிசு, எந்தக் கார்புரேட்டர் வண்டியும் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். அதை நோய் என்று நினைத்துக் கண்டதையும் திருகாதே. மிக்சர் சரியா என்று பார்க்க, என்ஜின் சூடாக ஸ்லோவில் ஓடும்போது கார்புரேட்டரின் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊசியை ஒரு மில்லிமீட்டருக்குள் மேலே தள்ளு. வேகம் கூடி அப்படியே நின்றால் மிக்சர் கெட்டி. உடனே குறைந்து அணையப் பார்த்தால் மெலிவு. லேசாகக் கூடி பழையபடி ஆனால் சரி. திருத்துவதென்றால், பெட்ரோல் வரும் துளையான ஜெட்டுக்குக் கீழே உள்ள அறுகோண நட்டை ஒரு நேரத்தில் ஒரு முகம் மட்டும். மேலே ஏற்றினால் மெலியும், இறக்கினால் கெட்டியாகும். கணக்கு தப்பிப்போனால் முழுக்க மேலே ஏற்றி, அங்கிருந்து 12 முகம், அதாவது இரண்டு சுற்று இறக்கி மறுபடி ஆரம்பி.

இப்போது கார்புரேட்டரின் உச்சியில் உள்ள கறுப்பு மூடி. திருகிக் கழற்றி மெல்லத் தூக்கு, ஒரு மெல்லிய கம்பி எண்ணெய் சொட்டச் சொட்ட வரும். சொட்டவில்லை என்றால் அங்கேயே கோளாறு: மிதித்ததும் ஒரு நொடி தயங்கி அப்புறம் பாயும். 20 நம்பர் என்ஜின் ஆயில் ஊற்று, கியர் ஆயில் கூடாது. மூடியை இறக்கும்போது மரை பிடிப்பதற்குக் கால் இஞ்ச் முன்னாலேயே எண்ணெயில் முட்டி விரலில் எதிர்ப்புத் தெரிய வேண்டும், அதுதான் அளவு. அந்தக் கம்பி வெளியே இருக்கும்போதே ஏர் கிளீனரையும் கழற்றி, உள்ளே இருக்கும் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டுப் பார். 'டக்'கென்று உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். தயங்கித் தயங்கி இறங்கினால் பெட்ரோல் நனைத்த துணியால் துடை. எமரி பேப்பர் பக்கமே போகக் கூடாது.

பாயிண்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டர், பிளக் 0.6, டாப்பெட் (வால்வு இடைவெளி) 15 தவ், அதாவது இஞ்ச்சில் ஆயிரத்தில் 15 பங்கு. சிலிண்டர்கள் எரியும் வரிசையான ஃபயரிங் 1-3-4-2, ரோட்டர் சுற்றுவது எதிர்த்திசை. டாப்பெட்டுக்கு ஒன்பதின் கணக்கு, இரண்டு எண்ணும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும், உனக்கு ஞாபகம் இருக்கும்: முதல் வால்வு முழுக்கத் திறந்திருந்தால் எட்டாவதை அட்ஜஸ்ட் செய், மூன்றாவது என்றால் ஆறாவதை. ஆறாவது படிக்கும்போது நீ இதை உன் அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்தாய். வேக்கம் குழாயை வாயால் உறிஞ்சினால் டிஸ்டிரிபியூட்டர் தட்டு அசைய வேண்டும். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைந்தால் ஹெட் கேஸ்கட், அது வேறு வேலை, இங்கே கொண்டுவா.

கார்புரேட்டர் அடியில் காற்று இழுக்கிறதா என்று பார்க்க ஸ்பிரே அடிக்காதே. நம்ம வண்டியில் கார்புரேட்டருக்கு நேர் கீழேதான் எக்ஸாஸ்ட் ஓடுகிறது. ஆயில் கேனில் இரண்டு சொட்டு போதும்.

இந்த இடத்துக்கு வந்துவிட்டேன். இதை முதல் பத்தியிலேயே எழுதியிருக்க வேண்டும், நாலு பக்கம் சுற்றி வந்திருக்கிறேன். கார்புரேட்டருக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் நடுவில் ஒரு தகரம் இருக்க வேண்டும், சூடு மேலே ஏறாமல் தடுக்க. உன் வண்டியில் அது இல்லை. மார்கழியில், கார்புரேட்டர் அடியில் காற்று புகாமல் அடைக்கும் பேக்கிங் மாற்றும்போது கழற்றினேன், ஷெட்டில் ஆணியில் மாட்டினேன். நீ வண்டி எடுக்க வந்த காலையில் மாப்பிள்ளை கேட் பக்கம் நின்றிருந்தார். நான் தோட்டத்துக்குப் போய்விட்டேன். அந்தக் கல்யாணத்தில் பேசியதற்கு அப்புறம் அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனசில்லை. பத்து நிமிஷ வேலை. மலைக்குப் போகிற வண்டி, உயரத்தில் பெட்ரோல் இன்னும் சீக்கிரம் கொதிக்கும் என்பதெல்லாம் தெரிந்தவன் நான். போகும்போதாவது சொல்லியிருக்கலாம். வீம்பு. நீ அந்த இருட்டில் கொண்டை ஊசி வளைவில் அரை மணி நேரம் நின்றதற்கு நான்தான் காரணம், கண்ணு.

உன் அம்மாவுக்கு இது தெரியாது. ராத்திரி நேரம் தெரிந்தால் தூங்க மாட்டாள்.

தகரத்தைப் பழைய வேட்டியில் சுற்றி நாளைக் காலை பஸ் பார்சலில் போடுகிறேன், குன்னூர் ஸ்டாண்டில் வாங்கிக்கொள். கூடவே இரண்டு பேக்கிங், அரை இஞ்ச் ஸ்பானர். என்ஜின் நன்றாக ஆறின பிறகு, கார்புரேட்டரைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டைக் கழற்றி, பேக்கிங், தகரம், மறுபடி பேக்கிங், மேலே கார்புரேட்டர் என்று வை. இரண்டு நட்டையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. ஒரே பக்கம் இறுக்கினால் அடிப்பாகம் கோணிக்கொண்டு காற்று இழுக்கும். ஹோஸ் கழற்றும்போது காயில் ஒயர். அதற்கு முன்னால் ராத்திரியில் மலை ஏறாதே. ஏற வேண்டி வந்தால் இறங்கின இடத்திலேயே தங்கு, அவினாசியில் கேட் பூட்டுவதில்லை, பாப்பா அறையில் கட்டில் போட்டே இருக்கிறது. ராத்திரியில் ஏறாதே.

மறுபடியும் கேட்கிறேன், இது தெரிந்தால்தான் தகரம் மட்டும் போதுமா, வேறு ஏதாவது பார்க்கணுமா என்று சொல்ல முடியும். எங்கிருந்து புறப்பட்டு எத்தனை கிலோமீட்டரில் நின்றது. வண்டியில் எத்தனை பேர். பின் சீட்டில் பாரம் இருந்ததா, இருந்தால் என்ன பாரம்.

அப்பா