கட்டுரையில் விடுபட்ட ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். முகச் சுருக்கம் போக என்னென்ன ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகள் சாப்பிடலாம் என்று சென்ற இதழின் மகளிர் பக்கத்தில் ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. இதழ் வந்த மறுநாள் சாயங்காலமே அந்தப் பக்கத்தைக் கிழித்து நாலாக மடித்துக்கொண்டு ஒரு டீச்சர் எங்கள் கடைக்கு வந்துவிட்டார். எங்கள் கடை என்றால் என் தம்பி மகன் நடத்தும் மெடிக்கல். அரசு மருத்துவமனை மருந்தகத்தில் 31 வருடம் நின்று ஓய்வுபெற்றவள் நான். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் மாலையில் அங்கே போய் உட்காருகிறேன்.

டீச்சருக்கு 54 வயது. கட்டுரையில் வைட்டமின் ஈ 400 என்று இருந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டிருந்தார். "ரெண்டு மாசத்துக்குக் குடுங்கம்மா" என்றார். அவருக்கு இதய வால்வு மாற்றியிருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். மாதாமாதம் அந்தச் சீட்டுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது நான்தான் என்பதால் எனக்குத் தெரியும். அதிக அளவில் வைட்டமின் ஈ எடுத்தால் அதுவும் ரத்தம் உறைவதைக் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் ரத்தக் கசிவு அபாயம். தர மாட்டேன் என்றேன். "வைட்டமின்தானேம்மா, இதுக்குப் போயா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. உங்கள் கட்டுரையில் ஒரு முழுப்பக்கத்துக்கும் எச்சரிக்கை என்று ஒரு வரிகூட இல்லை.

இரும்புக் கேட் துருப்பிடிப்பதுபோல உடம்பும் துருப்பிடிக்கிறது, மாத்திரை அதற்கு அடிக்கும் பெயின்ட் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மூச்சில் எடுக்கும் ஆக்சிஜனிலிருந்து உண்டாகி செல்களைச் சேதப்படுத்தும் 'ஃப்ரீ ராடிக்கல்'கள்தான் முதுமைக்குக் காரணம் என்று அமெரிக்க விஞ்ஞானி டென்ஹாம் ஹார்மன் சொன்னது 1956இல். இந்த ராடிக்கல்களை அடக்கும் பொருள்களைத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் என்கிறோம். யோசனை அருமையானது, அதைப் பிடித்துக்கொண்டு ஏராளமான ஆய்வுகள் நடந்தன. ஆனால் உடம்பு கேட் அல்ல. கிருமியைக் கொல்ல வெள்ளை அணுக்கள் இதே ராடிக்கல்களைத்தான் ஆயுதமாக வைத்திருக்கின்றன. உடற்பயிற்சி செய்யும்போது தசைக்குள் உண்டாகும் ராடிக்கல்கள்தான் 'பலப்படுத்திக்கொள்' என்று உடம்புக்குச் சேதி சொல்கின்றன. 2009இல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றில், வைட்டமின் சி 1,000 மில்லிகிராமும் வைட்டமின் ஈ 400 யூனிட்டும் தினமும் சாப்பிட்டுக்கொண்டே உடற்பயிற்சி செய்த இளைஞர்களுக்கு, இன்சுலின் வேலை செய்யும் திறனில் பயிற்சியால் வரவேண்டிய முன்னேற்றமே வரவில்லை. சாப்பிடாமல் பயிற்சி செய்தவர்களுக்கு வந்தது.

சரி, அதெல்லாம் தசை, தோலுக்கு என்ன? இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சோதித்துப் பார்த்த ஊர் ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், பிரிஸ்பேனுக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கும் நம்பூர். வெயில் கொளுத்தும் பகுதி. 1992இல் அந்த ஊர்க்காரர்களைச் சீட்டுக் குலுக்கிப்போட்ட மாதிரி பிரித்தார்கள். ஒரு பகுதியினர் தினமும் காலையில் தலை, கழுத்து, கை எல்லாம் சன்ஸ்கிரீன் பூச வேண்டும். மற்றவர்கள் தங்கள் வழக்கப்படி பூசலாம், பூசாமலும் இருக்கலாம். இதோடு பாதிப் பேருக்கு, கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் 30 மில்லிகிராம் கேப்சூல், மீதிப் பேருக்குப் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் வெறும் கேப்சூல். சாப்பிடுகிறவருக்குத் தன் கையில் இருப்பது எது என்று தெரியாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது அவர்கள் சுருக்கத்தை அளந்த விதம். 'முகம் பளபளப்பாக இருக்கிறதா' என்று யாரையும் கேட்கவில்லை. புறங்கையில் சிலிகான் ஊற்றி அச்சு எடுத்தார்கள், நம் தட்டார்கள் அச்சு வார்ப்பதுபோல. அந்த அச்சில் தோலின் கோடுகள் எவ்வளவு ஆழம், எவ்வளவு முரடு என்று உருப்பெருக்கியில் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். நாலரை வருடம் கழித்து மறுபடி அச்சு. 55 வயதுக்குக் கீழே இருந்த 903 பேரின் முடிவுகள் 2013இல் வெளிவந்தன. தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோலில் அந்த நாலரை வருடத்தில் கூடுதல் முதுமை எதுவும் தென்படவில்லை. மொத்தக் கணக்கில் அவர்கள் தோலின் முதுமை மற்றவர்களைவிட 24 சதவீதம் குறைவு. பீட்டா கரோட்டின் கேப்சூலால் மொத்தத்தில் ஒரு பலனும் தெரியவில்லை. ஒரே ஊர், ஒரே வெயில், ஒரே அச்சு. களிம்பு ஜெயித்தது, கேப்சூல் தோற்றது. அவர்கள் வெள்ளைத் தோல்காரர்கள், நமக்கு மெலனின் என்ற கருநிறமிக் கவசம் பிறவியிலேயே உண்டு, ஆகவே அந்த 24ஐ அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. ஆனால் வெயில் அதிகம் படும் வெள்ளைத் தோலிலேயே எடுபடாத கேப்சூல் நம் தோலில் என்ன சாதித்துவிடும் என்பதைக் கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.

தக்காளி, கேரட்டில் இருக்கும் நிறமிகளைப் பல வாரம் தொடர்ந்து சாப்பிட்டால் வெயிலில் தோல் சிவப்பது கொஞ்சம் குறைகிறது என்று சிறிய ஆய்வுகள் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. தோல் சிவப்பது குறைவது வேறு, விழுந்த சுருக்கம் மறைவது வேறு.

பலன் இல்லை என்பதோடு நின்றால்கூடப் போகட்டும், பணம்தானே என்று விட்டுவிடலாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் செய்த சோதனையின் முடிவு 1994இல் வந்தபோது மருத்துவ உலகமே திகைத்தது. புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பிக் கொடுத்த பீட்டா கரோட்டினைச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் புகைபிடிப்பவர்களிடமும் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களிடமும் நடந்த இன்னொரு சோதனையை இதே காரணத்துக்காக 1996 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்தினார்கள். பிரான்ஸில் 13,017 பேருக்கு வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின், செலினியம், துத்தநாகம் எல்லாம் கலந்த கேப்சூலையோ வெறும் கேப்சூலையோ சுமார் ஏழரை வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். கலவையும் மிதமான அளவுதான். அதில் நிஜக் கேப்சூல் சாப்பிட்ட பெண்களுக்குத் தோல் புற்றுநோய் கூடுதலாக வந்தது. நம் பெண்களுக்குத் தோல் புற்றுநோய் அரிது, அதனால் யாரும் பயந்து நடுங்க வேண்டாம். ஆனால் 'பக்கவிளைவு இல்லாதது' என்று உங்கள் கட்டுரை தடித்த எழுத்தில் போட்டிருப்பதை இதற்குப் பிறகு எப்படி ஏற்பது?

எங்கள் கடைக்கு பி.பி. மாத்திரை வாங்க ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வருவார். பீடி இன்னும் விடவில்லை. வெளிநாட்டிலிருந்து மகள் அனுப்பியதாகப் பீட்டா கரோட்டின் டப்பா ஒன்றைக் காட்டி "நல்லதாம்மா?" என்று கேட்டார். பின்லாந்துக் கதையைச் சொல்லி மூடி வைக்கச் சொன்னேன். பீடியை விட்டால் டப்பா தேவையே இல்லை என்றும் சொன்னேன். அதற்குப் பதில் வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கு ஒரு படம் நினைவுக்கு வரும். 28 வருடம் டெலிவரி லாரி ஓட்டிய அமெரிக்கர் ஒருவரின் படம், 2012இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. ஜன்னல் பக்கம் இருந்த இடது பாதி முகம் மட்டும் உழுத வயல்போல. வலது பாதி பத்திருபது வயது இளையவருடையது மாதிரி. கண்ணாடி வழியே புகுந்த புற ஊதா 'ஏ' கதிர் செய்த வேலை அது. நம் டிரைவர்களுக்கு ஜன்னல் வலது பக்கம். இவருக்கும் வலது கன்னம்தான்.

பெண்களைப் பொறுத்தவரை, சுருக்கத்தைவிட மங்குக்காகத்தான் எங்களிடம் அதிகம் வருகிறார்கள். அதற்கும் முதல் எதிரி வெயில்தான். குடையை மழைக்கு மட்டும் எடுக்கும் பழக்கம் எப்போது வந்ததோ! என் அம்மா வெயிலில் தலையில் முந்தானை போடாமல் வாசல்படி தாண்ட மாட்டார்.

பச்சை வைட்டமின் ஈ கேப்சூலை ஊசியால் குத்தி முகத்தில் தடவச் சொல்லும் பெட்டிச் செய்தியும் அதே பக்கத்தில் இருந்தது. சிலருக்கு அதனால் தோல் தடித்து அரிக்கும். சுருக்கத்துக்கு நிஜமாகவே ஓரளவு வேலை செய்யும் ட்ரெட்டினாயின் களிம்பைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. அதைத் தோல் மருத்துவர் சீட்டோடுதான் வாங்க வேண்டும், கர்ப்பிணிகள் தொடக் கூடாது. பொறுமையும் வேண்டும், ஆரம்பத்தில் முகம் உரிந்து எரியும்.

தோலை இறுக்கமாக வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் உண்டாக வைட்டமின் சி தேவை என்பது உண்மை. ஆனால் தினமும் 200 முதல் 400 மில்லிகிராமுக்குள் ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய நிரம்பிவிடும். அதற்கு மேல் எடுத்தால் உறிஞ்சப்படுவது குறையும், மிச்சம் சிறுநீரில் போகும். நீரில் போட்டால் நுரைக்கும் 1,000 மில்லிகிராம் மாத்திரைக்குக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி கழிப்பறைக்குத்தான். சிறுநீரகக் கல் தொல்லை உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம். நெல்லிக்காய், கொய்யா போதும்.

கடைக்காரர் வீட்டு மனுஷி இதைச் சொல்லக் கூடாது, இருந்தும் சொல்கிறேன். விலைக் கட்டுப்பாட்டில் இருக்கும் மருந்துகளில் சில்லறைக் கடைக்கு 16 சதவீதம்தான் நிற்கும். இந்த அழகு மாத்திரைகள் அந்தக் கட்டுப்பாட்டில் வராது. லாபம் அதைவிட எவ்வளவோ மேல். அதனால்தான் எல்லாக் கடையிலும் கண்ணுக்கு நேரே அடுக்கி வைக்கிறோம். சட்டப்படி இவற்றில் பெரும்பாலானவை உணவு இனம், மருந்து அல்ல. சுருக்கம் குறைகிறது என்று மருந்துக்கு நிரூபிப்பதுபோல நிரூபித்துவிட்டுத்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று லேபிளில் அச்சிட வேண்டும் என்பது விதி. அச்சிடுகிறார்கள், ஆங்கிலத்தில். அதை நான் டீச்சருக்குப் படித்துக் காட்டியபோதுதான் அவர் சிரிப்பு நின்றது. அந்தக் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் அதே வகை மாத்திரைக்கு வண்ண விளம்பரம் இருந்ததையும் அவரே கவனித்துச் சொன்னார், நான் கவனித்திருக்கவில்லை.

அடுத்த இதழில் ஒரு வரி போடுங்கள்: ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், புகைபிடிப்பவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடக் கூடாது. இடம் போதவில்லை என்றால் இந்தக் கடிதத்தில் மற்ற எல்லாவற்றையும் வெட்டிவிட்டு அதை மட்டும் வெளியிட்டால் போதும். மகளிர் பக்கத்திலேயே போடுங்கள். டீச்சர் அந்தப் பக்கத்தைத்தான் கிழித்து வைத்துக்கொள்வார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
காரைக்குடி