செயலாளரின் ஆண்டறிக்கை: அச்சுத் தொழிலாளர் சங்கம், திருகோணமலை

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தின் பின் செயற்குழு ஒன்பது தடவை கூடியது. மழையால் ஒரு கூட்டம் தள்ளிப்போனது. இன்னொன்று கூட்டநடப்பெண் (வேண்டிய குறைந்தபட்ச அங்கத்தவர் தொகை) இல்லாமல் கலைந்தது. சந்தா நிலுவையைப் பற்றித் தனாதிகாரி சொல்வார். நான் சொன்னால் மனத்தாங்கல் வரும்.

இவ்வாண்டு மனதில் நின்றது எங்கள் பழைய அச்சுக்கோப்பாளர் ஒருவருக்காக ஏப்ரல் 9ஆம் திகதி வைத்த நினைவுக் கூட்டம். 1942இல் அதே நாளில்தான் ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. எண்ணெய்த் தாங்கி ஒன்றின்மீது விமானமொன்று விழுந்ததில், தாங்கி நாட்கணக்கில் எரிந்தது. ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியதும் அன்றுதான்.

அந்த நாட்களில் அந்த அச்சுக்கோப்பாளர் இலங்கைப் பாதுகாப்புப் படையின் பொறியியல் பிரிவில் இருந்தார். வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியபின் கொழும்பில் தமிழ் அச்சுக்கோப்பாளருக்குக் கிராக்கி இருந்த காலம். பத்திரிகை வேலையை விட்டுப் படைக்குப் போனவர், யுத்தம் முடிந்ததும் இங்கேயே அச்சுக்கூடம் போட்டார். பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்பது குடும்பத்தாரின் விருப்பம். கூட்டத்துக்கு வந்த பேரன் அப்பப்பாவின் ஸ்டிக்கை, அதாவது ஈய எழுத்துகளை வரியாக அடுக்கும் கைக்கருவியை, மேசையில் வைத்தார். இரும்பு முழுக்கக் கறுத்திருந்தது. பெருவிரல் பட்ட இடம் மட்டும் மினுங்கியது.

பொறியியல் படை என்றால் பாலமும் வெடிமருந்தும் நினைவுக்கு வரும். இவருக்கு வாய்த்தது களஞ்சியம். போல்ட், நட்டு, வாஷர் எல்லாம் ஒரே சாக்கில் கிடந்தனவாம். மனுஷன் பலகைப் பெட்டியொன்றை, ஈய எழுத்துகளை அறை அறையாகப் போட்டுவைக்கும் எழுத்துக்கேஸ் போலத் தடுத்தார். அடிக்கடி வேண்டியவை நடுவில், கைக்கு நேரே; எப்போதாவது கேட்கப்படுபவை ஓரத்து அறைகளில். இருட்டடிப்பு இரவுகளில் விளக்குக் கொளுத்த முடியாது. கேட்டதைத் தடவியே எடுத்துக் கொடுத்தாராம். இளையவர்களுக்கு ஒரு வார்த்தை: ஈய எழுத்தின் உடலில் ஒரு வெட்டு இருக்கும். எழுத்து நேராக நிற்கிறதா, தலைகீழா என்பதை அச்சுக்கோப்பவன் கண்ணால் பார்ப்பதில்லை. அந்த வெட்டைப் பெருவிரல் சொல்லிவிடும். அப்படிப் பழகிய விரலுக்கு நட்டு என்ன பெரிய காரியம்?

நட்டு எடுத்துக் கொடுத்தவருக்கு நினைவுக் கூட்டமா என்று ஓர் அங்கத்தவர் கேட்டார். கேள்வியை அப்படியே குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். குண்டு விழுந்த கொட்டகையைத் திரும்ப நிமிர்த்தப் போனவர்கள் வெறுங்கையுடனா போனார்கள் என்று நான் கேட்டதையும் அதன் கீழேயே எழுதியிருக்கிறேன்.

பிறகு நிலாவெளி வீதியிலுள்ள யுத்த மயானத்துக்குப் போனோம். பஸ் பிந்தியதால் அரைமணி நேரந்தான் நிற்க முடிந்தது. பழக்கதோஷம், எங்களில் இருவர் கல்லறை எழுத்துகளின் இடைவெளியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள்.

அந்தப் பலகைப் பெட்டி இன்னும் பேரன் வீட்டில் இருக்கிறது. ஒரு மூலையைக் கறையான் தின்றுவிட்டது. சங்கத்துக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வைப்பதற்குக் கண்ணாடி அலுமாரி ஒன்று வேண்டும். பழையதென்றாலும் பரவாயில்லை, பூட்டு வேலை செய்ய வேண்டும்.

செயலாளர்