கோயில்காடும் அதைக் காத்த வழக்கமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திண்டுக்கல் மாவட்டம் நத்தம் அருகேயுள்ள காசம்பட்டி வீரகோயில் காட்டைத் தமிழக அரசு 2025ஆம் ஆண்டில், உயிரின வளத்துக்காகச் சட்டப்படி காக்கப்படும் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டிக்கு அடுத்து மாநிலத்தில் இந்தத் தகுதியைப் பெற்ற இரண்டாவது இடமான அதன் பரப்பு ஐந்து ஹெக்டேருக்கும் சற்றுக் குறைவுதான். இத்தனை சிறிய தோப்புக்கு இது தேவையா என்று கேட்போருக்கு, அய்யனார் காட்டை ஒட்டிய ஊரில் வளர்ந்தவன் என்ற முறையில் சில சொல்ல விரும்புகிறேன்.

புதுச்சேரிக்கு வடக்கே, புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சூழ்ந்துள்ள காட்டில் கோடை நடுவிலும் நிழல் குறைவதில்லை. வீரை, காசான், உலக்கைப்பாலை போன்ற மரங்கள் சிறிய தடித்த இலைகளோடு, கொடிகள் பின்னிப் பிணைந்து நிற்கும் இந்த உலர் பசுமைமாறாக் காடு ஒரு காலத்தில் சோழமண்டலக் கரையெங்கும் பரவியிருந்தது. இன்று அதன் மிச்சம் பெரும்பாலும் கிராம தெய்வங்களைச் சுற்றியே இருக்கிறது. 1968இல் ஆரோவில் தொடங்கியபோது பொட்டலாகக் கிடந்த செம்மண் மேட்டில் இக்காட்டை மீண்டும் வளர்க்க முனைந்தவர்கள், விதை தேடிச் சென்றதும் இத்தகைய கோயில்காடுகளுக்குத்தான்.

ஆனால் இவற்றை மனிதக் கை படாத காடுகள் என்று எண்ணினால் தவறிவிடுவோம். காட்டோரத்துக் குளத்தின் களிமண்ணில் குயவர்களான வேளார்கள் அய்யனாருக்குக் குதிரை வனைந்தார்கள்; நாட்டு வைத்தியர்கள் வேரும் பட்டையும் எடுத்தார்கள்; தானாக விழுந்த விறகில் திருவிழாப் பொங்கல் பொங்கியது; ஓரங்களில் ஆடுகள் மேய்ந்தன. ஒரே அடிக்கட்டையிலிருந்து நாலைந்து தண்டுகளாய்க் கிளைத்து நிற்கும் காசான் மரங்கள், எப்போதோ யாரோ வெட்டியதையும் அதன்பின் தழைக்க விட்டதையும் சேர்த்தே சொல்கின்றன. பச்சை மரத்தில் கத்தி வைக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு, எதையும் தொடக்கூடாது என்ற தடையன்று. எதை, எப்போது, எவ்வளவு எடுக்கலாம் என்று ஊர் தனக்குத் தானே வகுத்துக்கொண்ட அளவு. அந்த அளவும் காட்டின் ஒரு பகுதி என்பதே என் கருத்து.

இன்று அந்த அளவு இரண்டு பக்கமும் பிசகுகிறது. எங்கள் ஊரில் திருப்பணி என்ற பெயரில் கோயிலைச் சுற்றி நின்ற பழைய மரங்களை அகற்றி, சிமெண்ட் தளமும் தகரக் கொட்டகையும் போட்டார்கள். வெட்டவெளியில் இருந்த அய்யனாருக்குக் கூரை கிடைத்தது, காடு போயிற்று. வெறுமையான ஓரத்தில் இப்போது சீமைக்கருவேலம் மண்டியிருக்கிறது. மறுபக்கம், காப்பது என்றாலே கம்பி வேலி போட்டு ஊராரை வெளியே நிறுத்துவது என்று நினைப்போரும் உண்டு. திருவிழாவும், மண்குதிரைகளை ஊர்வலமாக எடுத்துவரும் குதிரையெடுப்பும் நின்றுபோனால், அந்தக் காட்டுக்குள் பச்சைக் கிளை ஒடிப்பவனைத் தட்டிக் கேட்க யார் இருப்பார்கள்?

ராஜஸ்தானின் ஓரண் என்னும் கோயில்காடுகள் குறித்த வழக்கில், நாடு முழுவதற்குமான கொள்கை ஒன்றை வகுக்குமாறு உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் மத்திய அரசுக்குப் பரிந்துரைத்தது. அது வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அக்குழு தன் எல்லையிலுள்ள கோயில்காட்டின் மரங்களோடு, பூசாரியும் வேளாரும் மேய்ப்பரும் சொல்லும் வழக்கங்களையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதிவைக்கட்டும். வருவாய்த்துறை அந்த நிலங்களை அளந்து, வெறும் புறம்போக்கு என்றில்லாமல் கோயில்காடு என்றே குறிக்கட்டும். இந்து சமய அறநிலையத்துறை தன் பொறுப்பிலுள்ள கிராமக் கோயில்களில் திருப்பணிக்கு அனுமதி அளிக்கும்முன், எந்த மரமும் வெட்டப்படாது என்ற உறுதியை எழுத்தில் பெற வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
விழுப்புரம் மாவட்டம்.